முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள்

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைப் பகுதிக்கு வெளியே, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம் நிற்கிறோம். விடிவதற்கு முன்பே கண்டியில் இருந்து வேன் பிடித்து, கடுகண்ணாவை இறக்கத்தில் பிள்ளை வாந்தி எடுத்து, வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் முகம் கழுவிவிட்டு, புதுச் சட்டையோடு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு ஒரு பெண் வெளியே வருகிறாள். ஃபோனில் பார்த்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் பொருந்தவில்லை. "அந்தா அம்மா! போ புள்ள, போய்க் கட்டிப்பிடி" என்று பிள்ளையின் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறோம். பிள்ளை அம்மாயியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒதுங்குகிறாள். வந்தவளின் முகம் வாடிப்போகிறது. நமக்குக் கோபம் வருகிறது. "இத்தனை வருஷம் உனக்காகக் கஷ்டப்பட்டுட்டு வாறா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று ஊர் பார்க்க ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்கிறோம்.

பெற்றோரே, ஒன்று கேட்கிறேன். நினைவு தெரியாத வயதில் கடைசியாகத் தொட்ட ஒருவரை, கண்ணாடித் திரையில் மட்டும் பார்த்துப் பழகிய ஒருவரை, நம்மில் யார் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்போம்? நெடுநாள் போகாத சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், பேச்சு இயல்பாக வருவதற்கு நமக்கே ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரம் வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரு நிமிஷம்கூடத் தர மறுக்கிறோம்?

இதை வெளியே நின்று எழுதவில்லை. என் தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவள் மகள் எங்கள் வீட்டில்தான், என் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தாள். அவளுக்கு நான் பெரியம்மா. இங்கே நாம் என்று எழுதும் இடங்களில் எல்லாம் என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். போன தாய், வீட்டில் இருந்த தகப்பன், வளர்த்த பாட்டி, பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம்.

கண்டிப் பக்கத்தில் இது ஒரு வீட்டுக் கதையில்லை. 1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு வழி திறந்ததில் இருந்து, பெண்களை அதிகமாக வீட்டு வேலைக்கு அனுப்பிய மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. தமிழ் வீட்டில் அம்மா, முஸ்லிம் வீட்டில் உம்மா, சிங்கள வீட்டில் அம்மே என்று எல்லா வீடுகளில் இருந்தும் போனார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது. 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலைத் தோட்டங்களில் யாரும் வெளிநாடு போகாத லயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏன் போனாள் என்று கேட்கத் தேவையில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் இந்த மலையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு தாண்டி, 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டது. அந்தக் காசில் அடுப்பு எரியும். ஒழுகும் தகரத்தை மாற்ற முடியாது, பிள்ளைக்கு டியூஷன் காசு கட்ட முடியாது. ஆகவே போன தாயின் மேல் குற்றம் சுமத்த நான் வரவில்லை. அவள் போனதும் பிள்ளைக்காக, வந்ததும் பிள்ளைக்காக. இடைப்பட்ட காலத்திலும் வந்த பிறகும் அந்தப் பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் என் கவலை.

மலையகத்துக்குப் பிரிவு புதிதில்லைதான். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் கதை நம் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது. கொழுந்து பறிக்கப் போன தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனாள். ஆனால் அவள் பொழுது சாய்வதற்குள் வந்து பிள்ளையைத் தூக்கினாள். இருட்டுவதற்குள் அம்மா வந்துவிடுவாள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

வெளிநாடு போகும் நாளில் நடப்பது வேறு. பெட்டி இரண்டு நாளாகக் கட்டிலுக்குக் கீழே துணி போட்டு மூடிக் கிடக்கிறது. பிள்ளைக்குத் தெரியக் கூடாது. இரவில் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து ஊட்டி, தட்டித் தூங்கவைத்து, ஓசைப்படாமல் பெட்டியை வெளியே எடுத்து, ரோட்டில் விளக்கை அணைத்து நிற்கும் வேனில் தாய் ஏறிப் போகிறாள். காலையில் எழும்பிய பிள்ளை "அம்மா எங்க?" என்று கேட்கிறது. "கடைக்குப் போயிருக்கு, வந்துரும்" என்கிறோம். மறுநாளும் அம்மா கடைக்குத்தான் போயிருக்கிறாள். ஒரு வாரம் போனதும் "பிளேன்ல போயிருக்கு, உனக்குப் பொம்மை வாங்கிட்டு வரும்" என்கிறோம். பிள்ளை அழக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் இவ்வளவும் செய்கிறோம்.

தூங்கினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? தங்கையின் மகள் அதற்குப் பிறகு நெடுங்காலம் என் சட்டை நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். தூங்கிவிட்டாளே என்று மெல்ல விரலைப் பிரித்தால் விழித்துவிடுவாள். பகலில் அவள் சிரித்து விளையாடினாள். அதைப் பார்த்து, பிள்ளை பழகிவிட்டது என்று நாங்கள் குவைத்துக்குச் செய்தி சொன்னோம்.

அந்தப் பழக்கம் என்னவென்பதை லண்டனில் ஒருவர் படம் பிடித்தே காட்டியிருக்கிறார். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் எடுத்த ஆவணப்படம் அது. இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்தக் காலத்து வழக்கப்படி தாய் கூடத் தங்க முடியாது. சிறுமி பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. ஆனால் தாய் பார்க்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்த ஜோன் போல்பியும் இப்படிப் பிரிக்கப்பட்ட பல பிள்ளைகளைக் கவனித்தார்கள். முதலில் பிள்ளை அழுது அடம்பிடிக்கும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். அதன் பின், எதுவும் நடக்காதது போல் எல்லாரோடும் சிரித்துப் பேசி, தாயிடம் மட்டும் ஒட்டாமல் நிற்கும். இந்த மூன்றாம் கட்டத்தைப் பார்த்துத்தான் பெரியவர்கள் நிம்மதி அடைகிறார்கள். வலி தாங்காமல் பிள்ளை மனதை மூடிக்கொண்ட கட்டம் அது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தாய் திரும்பக் கிடைத்த பிறகு அந்த மூடி திறக்கும்போது முதலில் வெளியே வருவது பெரும்பாலும் அன்பாக இருக்காது. கோபம் வரும், அடம் வரும், கூடவே விடாமல் ஒட்டிக்கொள்வதும் வரும். இதை எல்லாம் பார்த்துத்தான் 1959இல் பிரித்தானியாவில் பிளாட் அறிக்கை வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் தடையில்லாமல் வந்து பார்க்க விட வேண்டும் என்று அது கேட்டது. எட்டு நாள் பிரிவுக்கு ஒரு நாடே அவ்வளவு யோசித்தது. நம் பிள்ளைகள் இரண்டு வருஷ எக்ரிமென்ட் ஒன்று முடிந்து அடுத்ததும் முடியக் காத்திருந்த பிள்ளைகள். நாம் எவ்வளவு யோசித்தோம்?

வெள்ளிக்கிழமை பின்னேரம். முந்தி என்றால் ஒலிநாடாவில் குரலைப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். இப்போது இமோ இருக்கிறது, வாட்ஸப் இருக்கிறது. ஃபோனைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் பிள்ளை. திரையில் தாய், எஜமானி வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் வயரோடு, குரலை அடக்கிப் பேசுகிறாள். "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்கிறார் தாத்தா. "கணக்குக்கு எத்தனைன்னு சொல்லு" என்கிறேன் நான். பிள்ளையின் உதடு கோணினால், "அழாத, அம்மா மனசு கஷ்டப்படும்" என்று ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிறோம். தாய் கேட்பதும் பாடம், மார்க்ஸ், வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதுதான். வேறு எதைக் கேட்பது என்று பாவம் அவளுக்கும் தெரியவில்லை.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டி நகரத்துப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளையை டியூஷன் வகுப்புகளுக்கு இடையில் ஓட விடுகிறோம். எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பாரம் உண்டு. தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு மட்டும் இன்னொன்று மேலே ஏறுகிறது. "அம்மா அங்க யார் வீட்டுக் கக்கூஸையோ கழுவுறா, நீ இங்க அறுபது மார்க்ஸ் எடுத்துட்டு நிக்கிற" என்று சொல்லாத வீடு எத்தனை? தாயின் வியர்வைக்கு வட்டி கட்டும் பொறுப்பை ஒரு குழந்தையின் தலையில் வைக்க நமக்கு எப்படி மனம் வந்தது? பரீட்சையில் தவறிய பிள்ளை, அம்மாவைக் கைவிட்ட குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள். அதன் பிறகு அம்மா என்ற நினைப்போடு அன்பு வருவதற்கு முன் கடன் வந்து நிற்கிறது. கடன்காரி வீட்டு வாசலுக்கு வரும்போது யார்தான் முகம் மலர்ந்து எதிரே போவார்கள்?

பிள்ளை பெரியவளாகிறாள். ஹோல் பிடித்து, வீடியோக்காரரை வைத்து, சடங்கை ஊரே பேசும்படி செய்கிறோம். தாய் அனுப்பிய காசு. அவள் அந்தச் சடங்கை யாரோ தூக்கிப் பிடித்த ஃபோன் வழியாகப் பார்க்கிறாள். விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, வயிறு வலிக்கும்போது யாரிடம் சொல்வது, பாடசாலையில் சட்டை கறைபட்டால் என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளை கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அன்றிலிருந்து ஊரின் கண் அவள் மேல். கிளாஸ் விட்டு வரப் பத்து நிமிஷம் பிந்தினால், "தாய் இல்லாம வளர்ற புள்ள, பார்த்துக்கங்க" என்று வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போகிறோம். நல்லதுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் எந்தத் தவறும் செய்யாத பிள்ளையைத் தவறு செய்யப்போகிறவள் என்று முன்கூட்டியே தீர்ப்பளித்து வைக்கிறோம். சில வீடுகளில் அந்தப் பயத்திலேயே படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள்.

தகப்பன்மாரிடம் இதைச் சொல்லாமல் விட முடியாது. தகப்பன் கட்டாரில் இருக்கும் வீட்டுப் பிள்ளையை யாரும் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள் என்று சொல்வதில்லை. தாய் போனால் மட்டும் வீடே சிதறிவிட்டதாகப் பேசுகிறோம். அப்படியென்றால் வீட்டில் இருந்த தகப்பன் யார்? மகளின் தலையைச் சீவிவிட, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட, காய்ச்சலுக்கு ஓபீடியில் நம்பர் எடுத்துக் காத்திருக்க ஆணால் முடியாதா? செய்து காட்டிய தகப்பன்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தாய் வரும்போது அவ்வளவு தடுமாறவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவராவது தன்னைப் பார்த்துக்கொள்கிறார் என்ற தைரியம் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது.

இனி, வந்த தாயின் வீட்டுக்குள் போவோம். அவள் காசில் கட்டிய வீடு, அவளுக்குத் தெரியாத வீடு. என் தங்கை வந்த இரண்டாம் நாள் காலையில் சமையலறையில் நின்று உப்பு டின்னைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேல் தட்டில் பார்த்தாள், அலுமாரியில் பார்த்தாள். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் போய், ஜன்னல் கட்டையில் இருந்த பழைய ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "இதுலதான் உப்பு" என்றுகூடச் சொல்லவில்லை. தங்கை அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் தன்னை வெறுக்கிறாள் என்று நினைத்து அழுதாள்.

வெறுப்பவள் உப்பை எடுத்துக் கொடுப்பாளா? அந்த வயதில் அவளால் முடிந்த முதல் அடி அதுதான். எங்களுக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. "அம்மான்னு கூப்பிடு, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அதட்டினோம். "இனிமே அம்மாகூடத்தான் படுக்கணும்" என்று தலையணையை எடுத்துப் போட்டோம். "பெரியம்மா பெரியம்மான்னு பின்னாடியே திரியாத, பெத்தவ பாத்தா என்ன நினைப்பா" என்று நானே அவளை என்னிடம் இருந்து பிரித்துவிட்டேன். ஒருமுறை தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு, வளர்த்தவளையும் அதே வீட்டில் வைத்துப் பறித்தால் அவள் யாரை நம்புவாள்? பாட்டிமாரும் பெரியம்மாமாரும் விலகி நின்று தியாகம் செய்யத் தேவையில்லை. பிள்ளைக்கு இரண்டு மடி இருக்கலாம். ஒன்றை மூடினால்தான் மற்றது கிடைக்கும் என்ற நிபந்தனையைப் போடுவது நாம்தான்.

தாய்மாரின் நிலையையும் பேச வேண்டும். அங்கே இன்னொருத்தியின் குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டிச் சோறூட்டி, அந்தக் குழந்தை தன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது ஊரில் இருக்கும் மகளை நினைத்து நெஞ்சு வெடித்தவள் அவள். இவ்வளவு வருஷமும் ஒரு முகத்தை மனதில் வைத்து நாளை ஓட்டியிருக்கிறாள். அந்த முகம் போகும்போது இருந்த மூன்று வயது முகம். பாதத்தை ஒற்றைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு நாம் அனுப்பினோம்; அந்த அளவுக்கு அவள் சப்பாத்து வாங்கினாள்; கார்கோ பெட்டி வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்துவிட்டது. வந்து பார்த்தால் எதிரே நிற்பது தோள் உயரத்துக்கு வளர்ந்த ஒரு பெண், தனக்கென்று விருப்பு வெறுப்பு உள்ளவள். இழந்த வருஷங்களை ஒரே மாதத்தில் பிடித்துவிட வேண்டும் என்று தாய்க்குப் பதற்றம். ஃபோனை வாங்கிப் பார்க்கிறாள், கூட்டாளிகளை விசாரிக்கிறாள், தலை சீவும் விதத்தைத் திருத்துகிறாள். அவளுக்குத் தெரிந்த தாய்மை அது. மகளுக்கோ, எங்கிருந்தோ வந்து அதிகாரம் செய்யும் ஒருத்தி.

ஒரு நாள் மகள் வெடிக்கிறாள். "எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கிடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" தாய் பதில் சொல்ல முடியாமல் சுவரைக் காட்டுகிறாள், கூரையைக் காட்டுகிறாள். "இந்த வீட்டை யார் கட்டினது?" நாமும் கூடச் சேர்ந்துகொள்கிறோம். "வாயை மூடு, பெத்த தாயைப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது?"

ஆம், கேட்க வேண்டிய கேள்விதான். அதைவிட நேர்மையான கேள்வி அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற பிள்ளை உறவை முறிக்க வரவில்லை. பதில் கிடைத்தால் உறவைத் தொடங்கலாம் என்றுதான் கேட்கிறாள். தாய் அதற்கு வீட்டைக் காட்ட வேண்டாம், உள்ளதைச் சொல்லட்டும். செய்தி வந்த அன்று எஜமானியிடம் கெஞ்சியது, பாஸ்போர்ட் கையில் இல்லாமல் இருந்தது, இரவெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் மகளுக்குச் சொல்லட்டும். "வர முடியல மகள், அது எனக்கும் ஆறல" என்று சொல்வதால் எந்தத் தாயின் மதிப்பும் குறையாது. பிள்ளைகள் தாயின் துன்பத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று மறைத்து, பிறகு அந்தத் துன்பத்துக்கு நன்றி காட்டவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமா?

1980களில் நம் நாட்டில் இருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் நெதர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். தாய்க்குத் தெரியாமலும் பொய்ப் பத்திரம் எழுதியும் கொடுக்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு என்பது 2017இல் பெரிய செய்தியாக வெளிவந்தது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் இருந்து நடந்த தத்தெடுப்பை விசாரித்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. வளர்ந்து பெரியவர்களான அந்தப் பிள்ளைகள் பெற்ற தாயைத் தேடி இன்னும் நம் மண்ணுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். மொழி தெரியாமல், கையில் ஒரு பழைய பத்திரத்தோடு, முப்பது நாற்பது வருஷம் கழித்து வருகிறார்கள். ஏன் என்னைக் கொடுத்தீர்கள் என்று கேட்கத்தான் அத்தனை தூரம் வருகிறார்கள். அவர்களை நாம் நன்றிகெட்டவர்கள் என்று சொல்வதில்லை. நம் அடுக்களையில் நின்று அதையே கேட்கும் மகளை மட்டும் ஏன் அடக்குகிறோம்?

எங்கள் வீட்டில் தாயும் மகளும் பேசத் தொடங்கியது பஸ்ஸில்தான். சனிக்கிழமைகளில் கண்டியில் வகுப்பு. கூட்டிப்போக எனக்கு வசதிப்படாமல் தங்கை போனாள். வீட்டில் நாங்கள் எல்லாரும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம், இன்று பேசினார்களா, சிரித்தார்களா என்று. பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சீட்டில், முகம் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போகலாம். கூட்ட நேரத்தில் தோள் தானாக உரசும். பேராதனைப் பாலம் வரும்போது "இந்த ஆத்துல உங்க தாத்தா குளிச்சிருக்கு" என்று ஏதோ ஒன்றைத் தங்கை சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமை மகள் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறாள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி ஆளுக்கொரு வடை சாப்பிட்டு நடந்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எங்களால் கூட்டிவைக்க முடியாததை, எங்கள் கண்ணில் படாத அந்த நேரம் செய்தது. ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்றும் காய்ச்சல் என்றால் அந்தப் பிள்ளை என்னிடம்தான் வருவாள். தங்கை அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறாள்.

தாய்மார் வெளிநாடு போகும் விஷயத்தில் அரசாங்கம் விதிகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அந்த ஒரு ஆண்டில் மட்டும் ஆணும் பெண்ணுமாக 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 2024இல் இப்படிப் போனவர்கள் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். டொலர்க் கணக்கு மாதாமாதம் பத்திரிகையில் வருகிறது. பிள்ளைகளின் கணக்கை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். 2022இல் இரண்டு மூன்று வயதில் விடப்பட்ட பிள்ளைகள் இப்போது சீருடை போட்டுப் பாடசாலைக்குப் போகிறார்கள். அவர்களின் தாய்மார் திரும்பிவரும் காலம் இது.

உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருந்தால், அம்மா வருகிறாள் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து என்று பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே பேசலாம்.

போவதற்கு விசாவை எதிர்பார்த்திருக்கும் தாய்மாரே, பகலில், பிள்ளை விழித்திருக்கும்போது, சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள், அதுவரை தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். அழுதால் அழட்டும், அந்த அழுகைக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள். திரும்பி வந்திருக்கும் தாய்மாரே, மகள் ஒட்டவில்லை என்ற வேதனையில், "என் புள்ளைக்கே நான் வேணாம், திரும்பிப் போறேன்" என்று மறுபடியும் ஏஜென்சிப் படியேறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த எக்ரிமென்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், தயவுசெய்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் போகவா இருக்கவா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.